மெட்டாலிக்காவின் '72 சீசன்ஸ்' பாட்டுகளுக்குத் தமிழ் பார்க்க உதவுவீர்களா?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். யாழ்ப்பாணத்தில் நல்லூரில் இருந்து எழுதுகிறேன்.

உயர்தரம் படிக்கும் என் மருமகன், மெட்டல் என்ற கனத்த ராக் இசை வாசிக்கும் அமெரிக்கக் குழுவான மெட்டாலிக்காவின் '72 சீசன்ஸ்' இறுவட்டை விடாமல் கேட்கிறான். 2023 ஏப்ரலில் வந்தது, 12 பாட்டுகள். "மாமா, இதெல்லாம் என்ன சொல்லுது?" என்று கேட்டான். ஒவ்வொன்றுக்கும் கருத்தைக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ஒரு மனிதனின் முதல் 18 வருடங்கள்தான், வருடத்துக்கு நான்கு பருவமாக, அந்த 72 பருவங்கள். அந்த வயதில் பதிந்தது பிறகும் நம்மை ஆட்டிவைக்கிறது என்பதுதான் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் சொல்லும் விளக்கம். ஆனால் நமக்குக் கார், கூதிர் என்று ஆறு பருவம். அப்படிப் பார்த்தால் 108 வருகிறதே! 72 என்றே விட்டு, கீழே விளக்கம் எழுதலாமா?

'ரூம் ஆஃப் மிரர்ஸ்' என்ற பாட்டின் பெயரைக் 'கண்ணாடி அறை' என்றால் வெளியே தெரியும் கண்ணாடி போட்ட அறை என்றுதான் விளங்கும். முகம் பார்க்கிற கண்ணாடி என்று சுருக்கமாக எப்படிச் சொல்வது?

அப்புறம் கடைசிப் பாட்டு, 'இனமொராட்டா'. 11 நிமிடத்துக்கு மேல். துயரத்தையே ஒரு காதலியாக, விடமுடியாத உறவாகப் பாடுகிறார்கள். எனக்கு நெஞ்சை உலுக்கிய பாட்டு. தமிழில் துயரம் அஃறிணை. 'அவள்' என்று எழுதினால் ஒட்டவில்லை. மூதேவி என்றால் வெறுப்புத்தான் வருகிறது, அந்த ஆசை வரவில்லை.

மெட்டலும் தமிழும் தெரிந்தவர்கள் ஒரு சொல் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவனோடு இருந்து கேட்கப் போகிறேன், அதற்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.