ஆன்சைட்டியும் சோசியல் மீடியாவும்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்"னு கேட்டா போதுமா? டிஸர்டேஷனுக்கு உதவி வேணும்

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் கிளினிக்கல் சைக்காலஜி பிஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். காலேஜ் பசங்களோட சோசியல் மீடியா பழக்கத்துக்கும் ஆன்சைட்டிக்கும் என்ன தொடர்புங்கறது தான் டிஸர்டேஷன் தலைப்பு. 18ல இருந்து 22 வயசு வரைக்கும், பாதி பேர் ஹாஸ்டல், மீதி பேர் ஊர்ல இருந்து டவுன் பஸ் புடிச்சு வந்துட்டு போறவங்க. ஆன்சைட்டிய அளக்க ஜிஏடி-7ங்கற 7 கேள்வித்தாள், சோசியல் மீடியாவுக்கு எவ்ளோ அடிமையா இருக்காங்கன்னு அளக்கற பெர்கன் ஸ்கேல், அதோட நானே சேத்த ஒரு கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாப்பீங்க".

போன வாரம் 20 பேர்கிட்ட முன்னோட்டமா (பைலட்) குடுத்து பாத்தேன், அதுல இருந்து மண்டை குழம்பி கெடக்கு. மணி நேரம் கேட்ட கேள்விக்கு நெறைய பேர் பேனாவ வச்சிட்டு யோசிக்கிறாங்க. "எப்பவுமே கையில தான் இருக்கும், எத எழுத?"னு ஒரு தம்பி கேட்டான். இன்னொரு பொண்ணு "வாட்ஸப்பும் சோசியல் மீடியாவாக்கா?"ன்னா. அத நான் யோசிச்சே பாக்கல.

ரெண்டாவது, ஜிஏடி-7ஐ நானே தமிழ்ல மாத்தினேன். முதல் கேள்வியில "பதற்றம்"னு போட்டிருந்தேன். "கலவரம் நடந்த எடத்துல பதற்றம் நிலவுதுன்னு நியூஸ்ல சொல்வாங்களே, அதுவா?"ன்னு கேட்டுட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

மூணாவது தான் ரொம்ப உறுத்துது. ஒரு பொண்ணு பேப்பர் குடுத்துட்டு போகாம கொஞ்ச நேரம் அங்கயே நின்னுச்சு. நான் வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருந்ததால கவனிக்கல. ரூமுக்கு வந்து அந்த ஜிஏடி-7 மார்க்க கூட்டி பாத்தா 21க்கு 18. பேர் எழுதாத பேப்பர் தான், ஆனா கடைசியா வந்தது அந்த பேப்பர்ங்கறதால யார்னு எனக்கு தெரியும். இப்ப நான் என்ன செய்யணும்? கைடு ஊர்ல இல்ல, வர 10 நாள் ஆகும்.

இரவுப்பேருந்து:

தங்கச்சி, நான் புள்ளியியல் பக்கம் வேலை பாக்கறவன், அந்த முதல் விஷயம் மட்டும் சொல்றேன். மணி நேரம் கேக்கறத நம்பாதீங்க. ஆளுங்க வாயால சொல்ற கணக்கையும் போன்லயே பதிவான கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வுகள எல்லாம் ஒண்ணா சேத்து 2021ல ஒரு பெரிய அலசல் வந்துச்சு, ரெண்டுக்கும் ஒத்துப்போறது சுமார் தான்னு தெரிஞ்சுது. சிலர் கூட்டி சொல்றாங்க, சிலர் குறைச்சு சொல்றாங்க. ஏற்கனவே "ஐயோ ரொம்ப பாக்கறோமே"ன்னு பயந்துட்டு இருக்கறவங்க கூட்டி சொல்ல வாய்ப்பிருக்குல்ல, அப்ப உங்க ரெண்டு கேள்வியும் ஒரே பயத்த தான் ரெண்டு தடவ அளக்கும், நடுவுல போன் எங்க வந்துச்சு?

முடிஞ்சா போன்ல டிஜிட்டல் வெல்பீயிங் இல்ல ஸ்கிரீன் டைம் பக்கத்த தொறந்து, ஏற்கனவே முடிஞ்சுபோன வாரத்தோட கணக்க பாத்து அவங்களையே எழுத சொல்லுங்க. முடிஞ்ச வாரம்னு ஏன் சொல்றேன்னா, 2018ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 143 மாணவங்கள வச்சு ஒரு சோதனை நடந்துச்சு. ஒரு குரூப் ஃபேஸ்புக், இன்ஸ்டா, ஸ்னாப்சாட் ஒவ்வொண்ணுக்கும் நாளைக்கு 10 நிமிஷம்னு 3 வாரம் குறைச்சாங்க, இன்னொரு குரூப் எப்பவும் போல. குறைச்சவங்களுக்கு தனிமை உணர்வு கொறஞ்சுது, அது நியூஸ் பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஆனா உங்களுக்கு வேண்டிய ஆன்சைட்டி இருக்கே, அது ரெண்டு குரூப்புக்கும் கொறஞ்சுது. எவ்ளோ பாக்கறோம்னு கவனிக்க ஆரம்பிச்சதே காரணமா இருக்கலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதனால "இந்த வாரம் கவனிச்சு எழுதுங்க"ன்னு சொன்னீங்கன்னா நீங்க அளக்க வந்த பொருளே மாறிப்போகும்.

இன்னொண்ணு, உங்க டேட்டால தொடர்பு ரொம்ப சின்னதா வந்தா மனசு உடையாதீங்க. 2019ல ஓர்பன், ஷிபில்ஸ்கினு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் லட்சக்கணக்கான டீனேஜ் பசங்களோட டேட்டாவ எடுத்து பாத்தாங்க, மனநலத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல டிஜிட்டல் பழக்கம் விளக்கினது அதிகபட்சம் 0.4 சதவீதம் தான். அத வச்சு பாதிப்பே இல்லன்னு சொல்ல வரல. நெதர்லாந்துல 63 பசங்கள ஒரு நாளைக்கு பல தடவ போன்லயே கேட்டு பாத்ததுல, சும்மா ஸ்க்ரோல் பண்ணதுக்கப்புறம் 46 சதவீதம் பேருக்கு மனசு நல்லா தான் இருந்துச்சு, 44 சதவீதம் பேருக்கு எந்த மாத்தமும் இல்ல, 10 சதவீதம் பேருக்கு மோசமாச்சு. சராசரி எடுத்தா அந்த 10 சதவீதம் பேர் காணாம போயிடுவாங்க. உங்க பைலட்ல அங்கயே நின்ன பொண்ணு அந்த மாதிரி ஒருத்தியா இருக்கலாம், இல்ல அவளுக்கும் போனுக்கும் சம்பந்தமே இல்லாமயும் இருக்கலாம், ஒரே ஒரு தடவ பேப்பர் குடுத்து வாங்கறதுல அது தெரியாது.

அல்லிக்கொடி:

அக்கா நான் ரிசர்ச் எல்லாம் இல்ல, பிஎஸ்சி மூணாவது வருஷம், நான் ஆன்சைட்டிக்கு ஒரு வருஷமா டாக்டர் பாக்கறேன். உங்க கேள்வித்தாள் எங்கிட்ட வந்திருந்தா 6 மணி நேரம்னு எழுதியிருப்பேன், நீங்களும் "ஓ அதான்"னு நெனச்சிருப்பீங்க. ஆனா நடந்தது வேற. ரெண்டாவது செமஸ்டர்ல எனக்கு மூணு அரியர் விழுந்துச்சு வீட்ல சொல்லல, அப்பா லோன் போட்டு படிக்க வைக்கிறார், ராத்திரி படுத்தா நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்கும், அந்த சத்தம் கேக்காம இருக்க தான் ரீல்ஸ் போட்டு காதுல மாட்டிப்பேன், அப்படியே ரெண்டு மூணு மணி ஆகும், காலைல க்ளாஸ்க்கு போக முடியாது, அட்டெண்டன்ஸ் கொறையும், அதுக்கு இன்னொரு பயம். பயம் தான் முதல்ல வந்துச்சு அக்கா. அப்புறம் தூக்கம் போச்சு, தூக்கம் போனதும் பயம் இன்னும் ஏறுச்சு. தூக்கத்த பத்தி உங்க பேப்பர்ல கேள்வியே இல்லையே, தயவுசெஞ்சு சேருங்க.

வாட்ஸப் சோசியல் மீடியாவான்னு கேட்ட பொண்ணு சரியா தான் கேட்டிருக்கு. இன்ஸ்டால யாரோ ஒருத்தி ஊட்டி போனா எனக்கு ஒண்ணும் ஆகாது. எங்க க்ளாஸ் பொண்ணுங்க என்ன விட்டுட்டு தனி குரூப் ஆரம்பிச்சாங்க, அது தான் என்ன கொன்னுச்சு. ஸ்டேட்டஸ் வச்சிட்டு அவங்க பாத்தாங்களான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்து பாப்பேன். ஒரு தடவ பத்து செகண்ட் தான் இருக்கும், கூட்டினா மொத்தமே அரை மணி நேரம் வராது. அந்த அரை மணி நேரத்த எந்த கட்டத்துல எழுதறது?

படிக்கட்டு:

வைகைக்கரை, நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல ஆலோசகரா பல வருஷம் இருந்துட்டு இப்ப ஒரு காலேஜ்ல இருக்கேன். உன் மூணாவது கேள்விக்கு முதல்ல வரேன்மா, மத்தது காத்திருக்கும்.

கைடு வர்ற வரைக்கும் 10 நாள் காத்திருக்காத. இன்னைக்கே அவருக்கு போன் பண்ணு, கிடைக்கலன்னா டிபார்ட்மெண்ட்ல இருக்கற சீனியர் மேடம் யார்கிட்டயாவது சொல்லு. பேர் வேண்டாம்னு வாக்கு குடுத்து தான் எழுத வச்சிருக்க, அதனால "உன் ஸ்கோர் 18"னு அந்த பொண்ணுகிட்ட போய் நிக்காத. எழுதின 20 பேரையும் ஒண்ணா கூப்பிட்டு நன்றி சொல்லு. "இத எழுதும்போது மனசுல ஏதாவது கிளறி விட்டிருந்தா இந்த நேரத்துல இந்த ரூம்ல இருப்பேன், பேசலாம்"னு சொல்லு, 14416 நம்பரையும் போர்டுல எழுது. அது டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அப்புறம் அந்த ரூம்ல நெஜமாவே உக்காந்திரு. நின்ன பொண்ணு திரும்ப வரும். வந்தா முதல்ல அது சொல்றத காது குடுத்து கேளு, பேச்ச நீ ஆரம்பிக்காத. உயிர மாய்ச்சுக்கற எண்ணம் இருக்கான்னு நேரா கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாத. இருக்குன்னு சொன்னா அவள தனியா அனுப்பாத, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போற வரைக்கும் கூடவே இரு.

அடுத்த ரவுண்டுக்கு பேருக்கு பதில் கோடு நம்பர் போடு. 15க்கு மேல வந்தா கோடு மூலமா கூப்பிடுவோம்னு சம்மதப் படிவத்துலயே எழுது, எதிக்ஸ் கமிட்டில அத காட்டி ஒப்புதல் வாங்கு. ஜிஏடி-7 ஒரு வடிகட்டி தான், நோய்னு முடிவு சொல்ற சோதனை கிடையாது, இதயும் படிவத்துல எழுது. இல்லன்னா 12 வந்த பையன் கூகிள்ல தேடிட்டு ராத்திரி தூங்க மாட்டான்.

இப்ப "பதற்றம்". என் ஓபில பதினஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூட "எனக்கு பதற்றமா இருக்கு"ன்னு உள்ள வரல. "நெஞ்சு படபடங்குது", "திடீர்னு பக்குனு ஆகுது", "கை கால் ஒதறுது", "வயித்துக்குள்ள ஏதோ பெரட்டுது", "மனசு ஒரு நெலையில இல்ல", இப்படி தான் சொல்லுவாங்க. சின்ன பசங்க "டென்ஷன்"பாங்க, ஆனா அவங்களுக்கு டென்ஷன்னா கோவமும் அதுல சேரும், அதனால அத அப்படியே போட்டுடாத. இன்னொரு விஷயம் கவனி. அந்த 7 கேள்வியையும் வரிசையா படிச்சு பாரு, நெஞ்சு, வயிறு, வேர்வை எதுவுமே அதுல இல்ல. கவலை, நிம்மதியின்மை, எரிச்சல், ஏதோ கெட்டது நடக்கப்போகுதுங்கற பயம், இது தான் இருக்கும். உடம்பால பேசற நம்ம ஆளுங்க இதுல கம்மியா மார்க் வாங்கிட்டு உள்ளுக்குள்ள வெந்துட்டு இருப்பாங்க. ஸ்கேல்ல கைய வைக்காத, ஒரு வார்த்தை கூட சேக்காத, ஆனா பக்கத்துலயே தனியா ரெண்டு கேள்வி உடம்ப பத்தி கேட்டு வச்சுக்கோ.

மொழிபெயர்ப்ப நீ ஒருத்தியே செஞ்சது தப்பு. ஏற்கனவே சரிபார்த்த தமிழ் வடிவம் கிடைக்குதான்னு முதல்ல தேடு. கிடைச்சாலும் பசங்க அஞ்சாறு பேர உக்கார வச்சு ஒவ்வொரு கேள்வியா "இது உனக்கு என்னன்னு புரியுது?"ன்னு கேளு. இல்லன்னா ரெண்டு பேர் தனித்தனியா தமிழ்ல மாத்தணும், அந்த இங்கிலீஷ பாக்காத மூணாவது ஆள் திரும்ப இங்கிலீஷ்ல மாத்தணும், அப்ப தான் எங்க பிசகுதுன்னு தெரியும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சிருங்க. மேடம் சொன்ன மாதிரி அன்னைக்கு சாயந்திரமே எங்க ஹெச்ஓடிகிட்ட சொன்னேன், மறுநாள் 20 பேரையும் கூப்பிட்டு பேசிட்டு லைப்ரரி பக்கத்து ரூம்ல உக்காந்திருந்தேன். முதல் நாள் யாரும் வரல. நேத்து அந்த பொண்ணு வந்துச்சு. என்ன பேசுச்சுன்னு இங்க எழுத மாட்டேன். ஹெச்ஓடியும் நானும் கூடவே போயி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துட்டோம், அவங்க அம்மாவும் வந்திருக்காங்க.

அல்லிக்கொடி, தூக்கத்துக்கு கேள்வி சேத்துட்டேன்மா. மணி நேரத்த எடுத்துட்டு "கடைசியா போன எடுத்தப்ப எதுக்கு எடுத்தீங்க, வச்சப்ப மனசு எப்படி இருந்துச்சு"ன்னு அவங்க வார்த்தையிலயே எழுத நாலு வரி எடம் விட்டிருக்கேன். வாட்ஸப்புக்கு தனி கட்டம். இரவுப்பேருந்து அண்ணா, அந்த நாலு வரி பதில்கள எப்படி வகை பிரிச்சு கோட் பண்றதுன்னு அப்புறம் உங்கள தொந்தரவு பண்ணுவேன்.

நான் தேடின வரைக்கும் கிடைச்ச தமிழ் வடிவத்த பசங்ககிட்ட படிச்சு காட்டினேன், ரெண்டு கேள்வியில திரும்பவும் முழிக்கிறாங்க. அந்த ரெண்டையும் இங்கிலீஷுக்கு திரும்ப மாத்த, ஸ்கேல முன்னாடி பாக்காத ஒருத்தர் வேணும்.

அல்லிக்கொடி:

எங்க சித்தி இங்கிலீஷ் டீச்சர்க்கா, அவங்க இதெல்லாம் பாத்ததே இல்ல. கேட்டுட்டு ராத்திரி சொல்றேன்.