பளபளப்பு வந்தால் மை காயவில்லை, மை காய்ந்தால் பளபளப்பு இல்லை: இன்க்ஜெட் பேப்பர் கோட்டிங்குக்கு வழி சொல்லுங்கள்

அம்பத்தூர்_கோட்டிங்:

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா காலத்திலிருந்து சின்னதாக ஒரு கோட்டிங் யூனிட் நடத்துகிறோம். பெரும்பாலும் லேபிள், ஸ்டிக்கர் பேப்பர் வேலைதான். கம்பி சுற்றிய ராடு வைத்துப் பூசும் மெஷின், அதற்குப் பின்னால் சூடான காற்று அடிக்கும் டனல், அவ்வளவுதான் வசதி.

ஆண்டர்சன் தெருவில் எங்களிடம் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி ஒருவர், இன்க்ஜெட்டுக்குப் பளபளப்பான ஃபோட்டோ பேப்பர் பண்ணித் தர முடியுமா என்று கேட்கிறார். பாஸ்போர்ட் ஃபோட்டோ, ஐடி கார்டு, சின்ன ஆல்பம் போடும் கடைகளுக்காம். இறங்கிப் பார்ப்போமே என்று ஆரம்பித்திருக்கிறேன்.

130 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில், வீழ்படிவு சிலிக்காத் தூளும் பிவிஏ பசையும் கலந்து பூசினேன். மை சட்டென்று காய்கிறது, எழுத்தும் கூர்மையாக விழுகிறது. ஆனால் பேப்பர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக இருக்கிறது. பிவிஏவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் பளபளப்பு வந்தது, ஆனால் கறுப்பும் கருநீலமும் அடித்த இடத்தில் விரல் வைத்தால் ஒட்டுகிறது. மழை பெய்த அன்று அடித்தது மறுநாளும் ஒட்டியது.

இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று இருக்கிறதா? காலண்டரிங் கொடுத்தால், அதாவது உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தினால், மங்கல் போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவல்லிக்கேணி_ஸ்டுடியோ:

அண்ணா, கோட்டிங் பற்றி எனக்குத் தெரியாது. தினமும் இந்தப் பேப்பரோடு புழங்குகிறவன் என்ற முறையில் கடைக்காரனுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் கவுண்டரில் நின்றுகொண்டே இருப்பார். பிரிண்ட் வெளியே வந்த கையோடு கட்டரில் வெட்டிக் கவரில் போட்டுத் தர வேண்டும். முகம், சட்டை எல்லாம் பிரச்சினையே இல்லை. தலைமுடியும் கறுப்புக் கோட்டும்தான் கடைசியில் காயும். அங்கே கட்டரின் அழுத்துபலகை பட்டால் அதன் தடம் அப்படியே விழுந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் மேல் பேப்பரின் முதுகில் மை ஏறக்கூடாது.

இன்னொன்று. ஒரு கட்டு வாங்கிப் பிரித்து வைத்திருந்தேன், கொஞ்ச நாளில் நான்கு ஓரமும் மஞ்சளாகிவிட்டது. நடுவில் வெள்ளையாகவே இருந்தது. அது ஏன் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

கலா_பேப்பர்லேப்:

தம்பி, உங்களுக்கு வந்த இரண்டு விளைவுக்கும் காரணம் ஒன்றேதான், துளையின் அளவு. பிவிஏவைக் கூட்டியும் குறைத்தும் இதைத் தீர்க்க முடியாது. நீங்கள் தேடும் நடு அளவு இந்தச் சிலிக்காவில் கிடையாது. சிலிக்காவை மாற்ற வேண்டும்.

வீழ்படிவு சிலிக்காவின் துகள் பல மைக்ரான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். மேற்பரப்பில் அதைவிடப் பெரிய மேடுபள்ளம் இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும், பேப்பர் மங்கலாகத் தெரியும். அதே பெரிய துகள்களுக்கு இடையில் பெரிய துளைகளும் இருப்பதால் மை ஒரே இழுப்பில் உள்ளே போகிறது. பிவிஏவைக் கூட்டியதும் அது துளைகளை அடைத்து, மேலே வழவழப்பான படலமாக நின்றுவிட்டது. இப்போது மைக்குப் போக வழியில்லை. பிவிஏ தண்ணீரைக் குடித்து வீங்கினால்தான் உள்ளே இடம் கிடைக்கும், அது மெதுவாக நடக்கும் காரியம். காற்றிலேயே ஈரம் இருக்கும் நாளில் பிவிஏ ஏற்கெனவே பாதி வீங்கித்தான் இருக்கும்.

இப்படி வீங்கும் வகைப் பேப்பரும் சந்தையில் இருந்தது, ஜெலட்டினும் பிவிஏவும் வைத்துச் செய்தார்கள். அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சாயம் படலத்துக்குள் மூடப்பட்டுவிடுவதால் காற்றிலுள்ள ஓசோன் அதைத் தொடாது, நிறம் நீண்ட நாள் நிற்கும். குளிர்ந்த வறண்ட ஊருக்கு நல்ல பேப்பர். நம் ஊருக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

உங்களுக்கு வேண்டியது நுண்துளைப் பூச்சு. புகைச் சிலிக்கா என்று கேளுங்கள், ஏரோசில் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். இதன் அடிப்படைத் துகள் 7 முதல் 40 நானோமீட்டர்தான். அவை கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். அந்தக் கொத்தை 200 நானோமீட்டருக்கு, அதாவது 0.2 மைக்ரானுக்குக் கீழே உடைத்துவிட்டால் ஒளிக்கு அது கண்ணாடி மாதிரி வழவழப்புதான். கொத்துகளுக்கு நடுவே சில பத்து நானோமீட்டர் அகலத்தில் கோடிக்கணக்கான துளைகள் இருக்கும். ஒளி அவற்றைக் கவனிக்காமல் கடந்துவிடும், மை தந்துகிக் கவர்ச்சியால் உள்ளே போய்விடும். இவ்வளவு சின்னத் துளையில் வேகம் வருமா என்று சந்தேகம் வேண்டாம். 15 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் 30 மைக்ரான் ஆழம் இறங்க ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு போதும்.

அதற்காகத் துளையை இன்னும் இன்னும் சின்னதாக்கவும் கூடாது. சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மிக நுண்ணிய துளையில் காற்றின் ஈரப்பதமே தண்ணீராகப் படிந்துவிடும். கெல்வின் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: ஈரப்பதம் 81 சதவீதம் ஆகும்போது 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளை நிரம்பிவிடும், 10 நானோமீட்டர் ஆரமுள்ளது 90 சதவீதத்தில்தான் நிரம்பும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காலை ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். பிரிண்டரில் வைக்கும் முன்பே பாதித் துளை நிரம்பிய பேப்பர் எப்படி மையை வாங்கும்? ஆகவே 15, 20 நானோமீட்டர் ஆரத்தைக் குறியாக வையுங்கள்.

அடுத்தது கொள்ளளவு. ஸ்டுடியோக்காரர் சொன்ன கறுப்புக் கோட்டு, கருநீலம் போன்ற இடங்களில் சதுர மீட்டருக்கு 20 மில்லி மைவரை விழலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மில்லி என்றால் 20 மைக்ரான் உயரத்துக்கு நிற்கும் மை. பூச்சில் 60 சதவீதம் துளை இருந்தால் சுமார் 33 மைக்ரான் தடிமன் வேண்டும், அதாவது காய்ந்த எடை சதுர மீட்டருக்கு 27 கிராம் அளவில் வரும். இதற்குக் குறைவாகப் பூசினால் லேசான நிறங்கள் காயும், தலைமுடி காயாது. மையில் கிளிசரின், கிளைக்கால் எல்லாம் இருக்கின்றன, அவை லேசில் ஆவியாகாது. "காய்ந்துவிட்டது" என்று நாம் சொல்வது உண்மையில் மை துளைக்குள் ஒதுங்கிவிட்டது என்பதைத்தான்.

கலக்கும் முறையில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இன்க்ஜெட் சாயத்துக்கு எதிர்மின்னூட்டம், சிலிக்காவுக்கும் அதேதான். இரண்டும் ஒட்டாது. அப்படியே விட்டால் ஈரத்தில் நிறம் கசிந்து பரவும். சாயத்தைப் பிடித்து நிறுத்த பாலிடாட்மாக் போல நேர்மின்னூட்டமுள்ள பாலிமர் வேண்டும். அதைச் சிலிக்கா கரைசலில் ஊற்றினால் பால் திரிவதுபோல் திரிந்துவிடும். மின்னூட்டம் எதிரிலிருந்து நேருக்கு மாறும் வழியில் பூஜ்யத்தைக் கடக்கிறது, அந்த நேரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பாலிமரை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, வேகமாகச் சுழலும் கலக்கியில் சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். புகைச் சிலிக்கா பஞ்சுபோல் பறக்கும், மாஸ்க் இல்லாமல் பையைத் திறக்காதீர்கள்.

சரியாகக் கலந்ததா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. கொஞ்சம் கரைசலைத் தண்ணீரில் நீர்த்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். பக்கவாட்டில் இளநீலமாகவும், விளக்கை நோக்கிப் பார்த்தால் ஆரஞ்சு சாயலாகவும் தெரிந்தால் கொத்துகள் உடைந்துவிட்டன. பால்வெள்ளையாக இருந்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

பிவிஏவில் 88 சதவீதம் ஹைட்ரோலிசிஸ் ஆன, சங்கிலி நீளம் அதிகமான ரகத்தை வாங்குங்கள். குறைவாகப் போட்டாலும் பிடிப்பு கிடைக்கும். சிலிக்கா ஐந்து பங்குக்கு பிவிஏ ஒரு பங்கு என்று தொடங்கலாம்.

காலண்டரிங் கேட்டீர்கள். லேசான அழுத்தம் பரவாயில்லை. அழுத்தி அழுத்திப் பளபளப்பு கொண்டுவந்தால் துளைகள் நசுங்கும், பழையபடி மை காயாது.

ஓரம் மஞ்சளாவது பற்றி: நுண்துளைப் பூச்சு காற்றில் வருவதையெல்லாம் இழுக்கும். சில பிளாஸ்டிக் உறைகளில் பிஎச்டி (BHT) என்ற பாதுகாப்புப் பொருள் கலந்திருக்கும், அது ஆவியாகிப் பூச்சில் ஏறி மஞ்சளாகும். கட்டாக இருக்கும்போது ஓரம் மட்டும்தானே வெளியே தெரிகிறது, அதனால் ஓரம்தான் முதலில் மாறும். உறையைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள் தம்பி, நல்ல பேப்பர் செய்து மட்டமான உறையில் போட்டுக் கெடுக்காதீர்கள்.

அம்பத்தூர்_கோட்டிங்:

மேடம், ரொம்ப நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. லேப் அளவில் ஏரோசில் மாதிரி வாங்கி நீங்கள் சொன்ன வரிசையிலேயே கலந்தேன், டியூப்லைட்டில் ஆரஞ்சு தெரிகிறது. ஆனால் மேப்லித்தோவில் பூசினால் பேப்பர் அலை அலையாக நெளிகிறது, பளபளப்பும் எதிர்பார்த்த அளவு இல்லை. ஒரு பாலியெஸ்டர் ஷீட்டில் பூசிப் பார்த்தேன், காய்ந்ததும் வயல் வெடித்த மாதிரி பூச்சு முழுக்கக் கீறல். இரண்டு தடவை மெல்லிசாகப் பூசலாமா?

கலா_பேப்பர்லேப்:

இரண்டாவது தடவை பூசும்போது முதல் பூச்சின் துளைகளில் இருக்கும் காற்று குமிழியாக மேலே வரும், ஊசிமுனைப் புள்ளிகள் விழும். முடிந்தவரை ஒரே பூச்சில் முடியுங்கள்.

கீறல் ஏன் வருகிறது என்றால், இந்தக் கரைசலில் திடப்பொருள் 10, 12 சதவீதம்தான். 27 கிராம் பூச்சு நிற்க 200 கிராம் அளவு தண்ணீர் வெளியேற வேண்டும். கடைசித் தண்ணீர் போகும்போது துளைகளின் சுவரை உள்பக்கமாக இழுக்கும், பலவீனமான இடத்தில் பிளந்துவிடும். அதற்குத்தான் போரிக் அமிலம், அது பிவிஏ சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிக்கும். பிவிஏ எடையில் பத்தில் ஒரு பங்கு போட்டுத் தொடங்குங்கள். வெண்காரம் போடாதீர்கள், கலக்கும்போதே கட்டிவிடும். கரைசல் லேசான அமிலத்தன்மையில், பிஹெச் 4, 5 அளவில் இருக்கட்டும். 40 டிகிரியில் பூசி, உடனே 15 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் பூச்சு ஜெல்லியாக உறைந்து நிற்கும். அப்புறம் மெதுவாக வெப்பத்தை ஏற்றுங்கள். டனலின் முதல் பகுதியில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளிர்காற்று விட ஏற்பாடு செய்வதுதான் உங்களுக்கு உண்மையான முதலீடு. போரிக் அமிலம் உடலுக்கு நல்லதல்ல, கலக்கும் பையன் கையுறையோடு வேலை செய்யட்டும்.

நெளிவு அடித்தாளின் குணம். மேப்லித்தோ தண்ணீரைக் குடித்து நார் விரிகிறது, அதன் மேடுபள்ளம் பூச்சிலும் தெரிகிறது. பெரிய நிறுவனங்கள் இருபுறமும் பாலிஎத்திலீன் பூசிய ஆர்சி அடித்தாளை எடுப்பது இதனால்தான். ஆர்சி வாங்கினால் கொரோனா ட்ரீட்மெண்ட் (பூச்சு ஒட்டுவதற்காக மேற்பரப்பில் மின்பாய்ச்சல்) ஆனதா, மேலே மெல்லிய ஜெலட்டின் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மொத்தப் பூச்சும் உரிந்து வரும்.

குறைந்த விலையில் கிடைக்கும் பளபளப்புப் பேப்பர்களில் பல காஸ்ட் கோட்டிங். ஈரமான பூச்சைக் குரோம் பூசிய சூடான உருளையில் அழுத்தினால், உருளையின் பளபளப்பு பூச்சில் அப்படியே பதியும். தண்ணீர் ஆவியாகிப் பேப்பரின் முதுகு வழியாக வெளியேற வேண்டும், அதனால் ஆர்சியில் இது நடக்காது, சாதாரணத் தாளில்தான் நடக்கும். பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு இது போதும். ஆனால் அந்த உருளைக்குப் பெரிய செலவாகும், உங்கள் மெஷினிலும் பொருந்தாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்சியும் குளிர்காற்றும்தான் எடுப்பேன்.

கோடம்பாக்கம்_ஆல்பம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆல்பம் போடுகிறவர்களுக்காக ஒன்று கேட்கிறேன் மேடம். நுண்துளைப் பேப்பரில் அடித்ததும் கை வைத்தால் காய்ந்துதான் இருக்கிறது. லேமினேட் செய்து இரண்டு மூன்று நாளில் உள்ளே பனி படர்ந்த மாதிரி ஆகிறதே?

கலா_பேப்பர்லேப்:

அது கிளைக்கால்தான். துளைக்குள் ஒதுங்கியிருப்பது மெல்ல மெல்ல வெளியே வரும், அந்த நேரத்தில் மேலே மூடிவிட்டால் மங்கலாகத் தங்கிவிடும். ஒவ்வொரு பிரிண்டுக்கும் நடுவில் சாதா வெள்ளைத் தாளை வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள், அந்தத் தாள் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஃபிரேம் போட்டுக் கண்ணாடி வைப்பதற்கும் இதே விதி. லேமினேஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள். நுண்துளையில் சாயம் காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது, மூடாமல் மாட்டினால் ஓசோனில் வெளுக்கும்.

அம்பத்தூர் தம்பி, குளிர்காற்று ஏற்பாடு ஆனதும் ஒரு ஷீட்டில் முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் நான்கையும் கட்டம் கட்டமாக அடித்து, வெளியே வந்தவுடன் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் இரண்டிரண்டு மை சேர்ந்து விழும், பேப்பரின் பலவீனம் அங்கேதான் முதலில் தெரியும். டிஷ்யூவையும் சேர்த்து ஃபோட்டோ எடுத்து இங்கே போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு பூச்சின் தடிமனை முடிவு செய்யலாம்.