நோட் 20 என்று சொல்லும் ஃபோர்க், சென்ட்ஓஎஸ் 7 சர்வர்: மாட்யூல்கள் ஏன் ஓடவில்லை?

பழையபெட்டி எழுதியது:

வணக்கம். க்ளையன்ட் ஒருவரிடம் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்று இருக்கிறது. அதை மாற்ற இந்த வருடம் பணம் கிடையாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். அதில் எங்கள் ஸ்டாக் ஆப் நோட் 16-ல் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்) ஓடுகிறது. 16-க்கு சப்போர்ட் 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, நாங்கள் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேக்கேஜ்களின் புதிய வெர்ஷன்கள் 18-க்குக் கீழே ஏறவே மறுக்கின்றன. சரி, 20 போடலாம் என்று அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கி விரித்து, நோட் என்று அடித்தால் 'ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.28 இல்லை' என்று வரிசையாகத் திட்டுகிறது.

தேடியதில் கிட்ஹப்பில் ஒருவர் தனியாகப் பராமரிக்கும் ஃபோர்க், அதாவது நோட் சோர்ஸின் தனிப் பிரதி, கிடைத்தது. பழைய ஜிலிப்சியில் ஓடும்படி பேட்ச் போட்டிருக்கிறார். ரீட்மீயில் 'நோடுடன் முழு இணக்கம்' என்று எழுதியிருக்கிறது. வெர்ஷன் கேட்டால் 20 என்கிறது, எக்ஸ்பிரஸ் எழுந்துகொள்கிறது, லாகின் பக்கம் வருகிறது. ஆனந்தப்பட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து உள்ளே நுழைந்தால், எஸ்க்யூலைட் டேட்டாபேஸோடு பேசும் பெட்டர்-எஸ்க்யூலைட்3 மாட்யூல் 'நான் 93-க்குக் கம்பைல் ஆனவன், இங்கே 115 கேட்கிறார்கள்' என்று விழுந்துவிட்டது. ரீபில்ட் கொடுத்தேன். 115 சண்டை தீர்ந்து, அதே மாட்யூல் இப்போது ஜிலிப்சி பத்தாது என்கிறது. படங்களைச் சின்னதாக்க வைத்திருக்கும் ஷார்ப் 0.33-ம் அதே பாட்டு.

ஃபோர்க் நிஜமாகவே 20 என்றால் 20-க்கான மாட்யூல் எல்லாம் ஓட வேண்டாமா? இல்லை பேசாமல் பன் என்ற வேறு ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைமுக்கு மாறிவிடவா?

மேக்ஃபைல் எழுதியது:

உங்களுக்கு வந்தது ஒரு பிரச்சினை இல்லை ப்ரோ, இரண்டு. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் ஒன்று மாதிரி தெரிகிறது.

முதலாவது ஏபிஐ (ABI) எண், அதாவது கம்பைல் ஆன பைனரிகள் ரன்டைமோடு பேசும் இடைமுகத்தின் எண். நோட் 16-க்கு 93, 18-க்கு 108, 20-க்கு 115. ப்ராசஸ்.வெர்ஷன்ஸ்.மாட்யூல்ஸ் என்று அச்சிட்டுப் பார்த்தால் வரும். நோடுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சினான வி8-ஐ நேரடியாகத் தொடுகிற மாட்யூல் எதுவானாலும் இந்த எண் மாறினால் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், பெட்டர்-எஸ்க்யூலைட்3 அந்த ரகம். நீங்கள் பழைய நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே வைத்துக்கொண்டு ரன்டைமை மட்டும் மாற்றியிருப்பீர்கள், அதனால்தான் 93 என்று கத்தியது. ஃபோர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அசல் 20 போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.

இரண்டாவது ஜிலிப்சி. இதில்தான் அந்த ரீட்மீ உங்களை ஏமாற்றுகிறது. சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 2.17, 2012 டிசம்பரில் வந்தது. அவர் நோடை மட்டும்தான் 2.17-க்குக் கட்டியிருக்கிறார். ரீபில்ட் கொடுத்தபோது பெட்டர்-எஸ்க்யூலைட்3 ஏற்கெனவே கட்டி வைத்த பைனரி ஒன்றை வலையிலிருந்து இறக்கிக்கொண்டது, அது வேறு யாரோ புதிய லினக்ஸில் கட்டியது. ஷார்ப் வி8-ஐத் தொடுவதே இல்லை, நோட்-ஏபிஐ (Node-API) என்ற நிலையான இடைமுகத்தின் வழியாகப் பேசுகிறது, ஆகவே 93-ஆ 115-ஆ என்ற கவலை அதற்குக் கிடையாது. ஆனால் 0.33-லிருந்து அதன் பைனரிக்கு ஜிலிப்சி 2.26 வேண்டும். 'முழு இணக்கம்' என்று அவர் எழுதியது ஜாவாஸ்கிரிப்ட் அளவில் உண்மைதான். பைனரி அளவில் அவர் கையில் ஒன்றும் இல்லை.

பன் ஃபோர்க் கிடையாது, வி8-ஏ இல்லாமல் ஜாவாஸ்கிரிப்ட்கோர் என்ற வேறு எஞ்சின் மேல் கட்டியது. வி8-ஐ நேரடியாகத் தொடும் மாட்யூல்தான் உங்கள் தலைவலி, அதை எடுத்துக்கொண்டு வி8 இல்லாத வீட்டுக்குக் குடி போகிறேன் என்கிறீர்கள்.

திண்ணை எழுதியது:

ஐஓ.ஜேஎஸ் காலத்தில் நான் பட்டது ஞாபகம் வருகிறது. இங்கே பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது என்று நினைக்கிறேன். ஜாயென்ட் என்ற நிறுவனத்தின் கையில் நோட் இருந்தபோது 0.10-க்கு அப்புறம் 0.12 வரவே வராதோ என்று ஆகிவிட்டது, வி8 பழசாகிக்கொண்டே போனது. 2014 டிசம்பரில் முக்கியமான பங்களிப்பாளர்களே பிரிந்து ஃபோர்க் செய்தார்கள், 2015 ஜனவரியில் ஐஓ.ஜேஎஸ் 1.0 வந்தது. 0.12 வந்தது அதற்கு அடுத்த மாதம்தான்.

அவர்கள் இணக்கத்தை எவ்வளவு யோசித்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பைனரியின் பெயர் ஐஓஜேஎஸ், ஆனால் கூடவே நோட் என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்லிங்க்கும் நிறுவினார்கள், முதல் வரியில் நோட் என்று எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாம் அப்படியே ஓட வேண்டும் என்று. எங்கள் சாதாரணக் கோட் முழுவதும் ஓடியது. அப்புறம் கம்பைல் செய்கிற மாட்யூல் ஒன்று வந்தது, மாட்டிக்கொண்டோம். மாட்யூலைக் கம்பைல் செய்து தரும் நோட்-ஜிப் ஹெடர் ஃபைல்களைத் தேடி நோட் தளத்துக்குப் போகிறது, இவர்களுடையதோ வேறு தளத்தில் இருக்கிறது. அதற்காக நோட்-ஜிப்பையே ஃபோர்க் செய்து பான்ஜிப் என்று ஒன்று வந்தது, ஐஓ.ஜேஎஸ் கூட வரும், பேக்கேஜ் நிறுவுகிற என்பிஎம்முக்குள் தனியாக பேட்ச் போட்டுக் கொடுத்தார்கள். ஏபிஐ எண்ணும் 0.12-ல் 14, ஐஓ.ஜேஎஸ் 1.0-ல் 42. வி8 மாற்றங்களை மறைத்துக்கொடுக்கும் 'நான்' (NAN) என்ற ஹெடரை வைத்து எழுதிய மாட்யூல்கள் ஓரளவு தப்பின, மற்றவை ஒவ்வொன்றாக இஷ்யூ போட்டுக் காத்திருந்தோம்.

அதே வருடம் செப்டம்பரில் இரண்டும் சேர்ந்து நோட் 4 ஆனது. 0.12-க்கு அடுத்தது ஏன் 4 என்று இன்டர்வியூவில் கேட்டால் பசங்கள் முழிக்கிறார்கள், 1, 2, 3 மூன்றும் ஐஓ.ஜேஎஸ்-காரர்கள் எடுத்துக்கொண்டது. 2017-ல் அயோ என்று இன்னொரு ஃபோர்க்கும் கிளம்பியது, தொழில்நுட்பச் சண்டை இல்லை, நிர்வாகச் சண்டை. அது தேய்ந்தே போனது.

தம்பி எடுத்திருக்கும் ஃபோர்க் இந்த இரண்டிலும் சேராது, ஒரு மனிதர் தன் சர்வருக்காகச் செய்துகொண்டது. தப்பில்லை. ஆனால் ஐஓ.ஜேஎஸ் பின்னால் ஒரு கூட்டமே இருந்தும் பைனரி மாட்யூல் விஷயத்தில் அத்தனை மாதம் திணறினோம்.

இரவுஷிப்ட் எழுதியது:

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஃபோர்க்கில் கடைசி கமிட் எப்போது? நோட் தன் என்கிரிப்ஷன் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்-ஐத் தனக்குள்ளேயே வைத்துக் கட்டுகிறது, சிஸ்டத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஃபோர்க் ஒரு வருடம் பின்தங்கினால் ஓபன்எஸ்எஸ்எல்-உம் ஒரு வருடம் பின்தங்கியது, நீங்கள் சிஸ்டத்துக்கு யம் அப்டேட் எத்தனை தடவை கொடுத்தாலும் அது அசையாது. சென்ட்ஓஎஸ் 7-க்கே 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றது, அதன் மேல் இது வேறு.

நோட் அமைப்பின் கீழேயே 'அன்அஃபிஷியல் பில்ட்ஸ்' என்று ஒன்று நடக்கிறது, அதில் ஜிலிப்சி-217 என்ற பெயரோடு லினக்ஸ் டார் ஃபைல் இருக்கும். அசல் சோர்ஸ், பழைய ஜிலிப்சிக்குக் கட்டியது, செக்சம் ஃபைலும் கூடவே இருக்கும். அதிகாரபூர்வ வெளியீடுகளுக்குச் செய்கிற அளவு டெஸ்ட் இதற்குக் கிடையாது, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் தனியாள் ஃபோர்க்கை விட நூறு மடங்கு மேல்.

பெட்டர்-எஸ்க்யூலைட்3-ஐ சோர்ஸிலிருந்து நீங்களே கட்டுங்கள். அந்த சர்வரில் இருக்கும் ஜிசிசி 4.8.5 கம்பைலர் பத்தாது, நோட் 20-ன் ஹெடர்களுக்கு சி++17 வேண்டும், அதனால் புதிய ஜிசிசி கொண்ட டெவ்டூல்செட்-11 போடுங்கள். வழக்கமான மிரர்கள் செத்துவிட்டன, பழைய பேக்கேஜ்களின் காப்பகமான வால்ட்டுக்கு ரெப்போ ஃபைலைத் திருப்ப வேண்டும். ஷார்ப்புக்கு 0.32 வரிசை எடுங்கள், அதன் பைனரி 2.17-லேயே ஓடும். ஆனால் சரியாக 0.32.6 எடுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள், 2023-ல் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பில் வந்த பெரிய ஓட்டையை அதில்தான் அடைத்தார்கள். நீங்கள் வெளியாள் ஏற்றும் படத்தைத் திறக்கிறீர்கள், ஞாபகம் இருக்கட்டும்.

டாக்கர் (ஆப்பைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டுவது) என்று யாராவது சொல்ல வருவதற்குள் நானே சொல்கிறேன்: செய்யலாம், ஆனால் டாக்கர் 20.10.10-க்கு முந்தையது என்றால் டெபியன் புக்வோர்ம் இமேஜ் த்ரெட் உருவாக்க முடியாமல் விழும், புல்ஸ்ஐ எடுங்கள்.

பழையபெட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசி கமிட் பதினொரு மாதம் முன்னால், பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபோர்க்கைத் தூக்கியாயிற்று.

மேக்ஃபைல் சொன்னது போல நோட்_மாட்யூல்ஸை முழுதாக அழித்துவிட்டு 217 பில்ட் போட்டேன். ஷார்ப் 0.32.6 முதல் தடவையே ஏறியது. பெட்டர்-எஸ்க்யூலைட்3-தான் மூன்று மணி நேரம் எடுத்தது, அதில் இரண்டரை மணி ரெப்போ ஃபைலோடு. டெவ்டூல்செட்டை அந்த ஷெல்லில் இயக்காமலேயே இரண்டு தடவை கம்பைல் கொடுத்துவிட்டு ஏன் பழைய ஜிசிசி வருகிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது என் சோதனை விஎம்மில் டெஸ்ட் எல்லாம் பச்சை. சனிக்கிழமை இரவு நிஜ சர்வரில் மாற்றுகிறேன். 20-க்கும் 2026 ஏப்ரல்தான் கடைசி என்று க்ளையன்டுக்கு மெயில் அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை.

இரவுஷிப்ட் எழுதியது:

சனிக்கிழமை ஆப்பை நிறுத்திவிட்டு டேட்டாபேஸ் எடுங்கள். ஓடும்போது டிபி ஃபைலை மட்டும் காப்பி செய்து, '-wal' என்று முடியும், புது என்ட்ரிகள் முதலில் போய் விழும் பக்கத்து ஃபைலை விட்டுவிட்டால் கடைசி என்ட்ரிகள் வராது.

பழையபெட்டி எழுதியது:

ஐயோ, இதுவரை எடுத்த பேக்கப் எல்லாம் அப்படித்தான்.