மாடியில செடிப் பெட்டி வச்சு மண்ணு ரொப்புனப்ப நடந்தது: இன்னும் மனசுல கெடக்குறதைச் சொல்லுங்க

பழங்காநத்தம் மொட்டைமாடி

நாலு வருசமாச்சு. இன்னும் உறுத்துது, எழுதிட்டாவது போகட்டும்.

ஆசாரிகிட்ட சொல்லி அடிச்ச வேப்பம்பலகைப் பெட்டி. 4க்கு 2, ஒரு அடி ஒசரம். உள்ள சில்பாலின் தார்ப்பாய், அடியில ஓட்டை, செங்கல் கால், எல்லாம் வீடியோ பாத்துப் பக்காவாப் பண்ணிட்டேன். மண்ணு மட்டும் எங்க வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கயோ கட்டட வேலை நடந்த எடத்துல மிஞ்சுனதுன்னு ஏழெட்டுச் சாக்கு கொண்டாந்து கொட்டுனாரு. பாக்கச் செவப்பாத்தான் இருந்துச்சு. மாட்டெரு ஒரு சாக்கு கலந்தோம்.

ஆடி பதினெட்டுக்கு மறுநா. பட்டம் போயிருமேன்னு எனக்கு அவசரம். மூணு சக்கர சைக்கிள்ல செடி விக்கிற பெரியவர் தெருவுல வந்தாரு. தக்காளி நாத்து, கத்தரி நாத்து, ரெண்டு மல்லி. பேரம் பேசிக் காசும் குடுத்தாச்சு. "மாடி வரைக்கும் கொண்டாந்து வச்சிருங்கய்யா, டீ போட்டுத் தர்றேன்"னு நாந்தேன் கூப்புட்டேன்.

ஏறி வந்தவரு பெட்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. குத்துக்கால் வச்சு உக்காந்து ஒரு பிடி மண்ணெடுத்து, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு அமுக்குனாரு. கொழுக்கட்டை மாதிரி அஞ்சு வெரலும் பதிஞ்சு வந்துச்சு. எந்திரிச்சு நின்னு, இடுப்பொசரத்துலருந்து அதக் கீழ போட்டாரு. உடையல. தளத்துல டொக்குன்னு விழுந்து, உருண்டு போயி சுவத்தோரம் நின்னுச்சு.

"இது மண்ணு இல்ல தாயி. கல்லு ஒடைக்கிற கிரசர் பொடியும் சிமெண்டுக் கழிவும். இதுல வைக்கிறதுக்கு நான் நாத்து தரமாட்டேன்."

அம்புட்டுத்தேன். காசை எண்ணி என் கையில வச்சுட்டு, நாத்தையெல்லாம் அதே ஈரச்சாக்குல சுருட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. டீ அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

எனக்கு வந்த கோவம் இருக்கே! விக்க வந்தவருக்கு என்ன வந்துச்சு, வச்சு வளக்குறது எம்பாடுன்னு வேற எடத்துல நாத்து வாங்கி வீம்புக்குன்னே நட்டேன். 12 நாள் தாங்குச்சு. பதிமூணாம் நாள் தண்ணி ஊத்துறேன், மேல குளம் கட்டி நிக்குது, கீழ ஓட்டையில ஒரு சொட்டு வரல. செடியத் தூக்குனா வேரு பழுப்பா வழுவழுன்னு, ஒரே அழுகல் வாடை.

அந்த உருண்டை ஐப்பசி மழையிலயும் கரையல. அந்தப் பெரியவரும் அதுக்கப்புறம் எங்க தெருப்பக்கம் வரல.

செல்லூர் தறிவீடு

அக்கா, அவரு பண்ணுனது கொஞ்சம் ஓவர்தேன். காசு வாங்குனா குடுத்துட்டுப் போகணும். இருக்கட்டும்.

நான் மண்ணே வேணாம்னு தென்னை நார்க்கழிவுக்குப் போனவன். 5 கிலோ கட்டி ரெண்டு வாங்கி ஊற வச்சேன். பொங்கப்பானை கணக்காப் பொங்கி, அண்டா வழிஞ்சு, மாடிப்படியெல்லாம் நார்த்தூளு. அப்படியே அள்ளிப் பெட்டியில போட்டு எரு கலந்து கத்தரி நட்டேன். ஒரு வாரத்துல எலை ஓரமெல்லாம் யாரோ பீடி நெருப்பு வச்ச மாதிரி கருகிப்போச்சு. பூச்சின்னு நெனச்சு வேப்பெண்ணெய் அடிச்சேன், மறுபடி அடிச்சேன்.

எங்க அப்பத்தா ஊர்லருந்து வந்திருந்துச்சு. கண்ணு சரியாத் தெரியாது. பெட்டிக்கடியில ஒழுகி நின்ன தண்ணி, கட்டங்காப்பி நெறத்துல கெடக்கும், அதுல வெரல விட்டு நாக்குல வச்சுச்சு. நான் "ஏய் அப்பத்தா, எருத் தண்ணி"ங்குறேன், அது காதுலயே வாங்கல. "உப்புடா"ன்னுச்சு. துப்பிட்டு, "உப்புத்தண்ணியில நட்டுட்டு பூச்சி தேடுறியாக்கும்"னு போயிருச்சு.

அப்புறந்தேன் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, நார்க்கழிவ ரெண்டு மூணு தடவ நல்ல தண்ணியில ஊற வச்சுப் பிழிஞ்சுட்டுத்தேன் போடணுமாம். எங்க வீட்டு போர் தண்ணியே உப்பு, அதுல ஊற வச்சா என்னத்தக் கழுவ. கார்ப்பரேஷன் தண்ணி வர்ற அன்னைக்குப் புடிச்சு வச்சுக் கழுவுனேன்.

ஒத்தக்கடைப் பக்கம்

முதல் பதிவில் ஜல்லி பற்றிப் பேச்சே இல்லை. தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. பெட்டியின் அடியில் 2 அங்குலம் ஜல்லி, அதன்மேல் மணல், பிறகு மண். அப்போதுதான் தண்ணீர் வடியும். என் கதை சிறியது: முதல் முறை ஜல்லி போடவில்லை, தக்காளி அழுகியது. அடுத்த முறை போட்டேன், காய்த்தது.

இனி எல்லோருக்கும் பொதுவாகச் சில விஷயம். செம்மண், தொழுஉரம், கழுவிய நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. இதோடு வேப்பம் புண்ணாக்கு இரண்டு பிடி. மக்காத சாணியைப் போடவே போடாதீர்கள், பெட்டிக்குள் சூடேறி வேரைப் பொசுக்கும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுஉரத்தில் கலந்து, ஈரமாக நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துப் பிறகு போட்டால் வேரழுகல் குறையும். நாற்று 25 நாள் வயதில் இருக்க வேண்டும், சாயங்காலம்தான் நட வேண்டும். கீரைக்கு அரையடி மண் போதும், தக்காளி கத்தரிக்கு ஓரடி கட்டாயம். 4க்கு 2 பெட்டியில் தக்காளி நாலு செடிக்கு மேல் வேண்டாம். எட்டு வைத்தால் எட்டும் சவலையாகும். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு. கத்திரி வெயில் மே 4 அன்று தொடங்கும், அதற்கு முன்பே 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை கட்டிவிடுங்கள். மண்ணின் மேல் சருகு மூடாக்குப் போடுங்கள். தாம்பாளம் வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள், கொசு வரும்.

கடைசியாக, கணவர் கொண்டு வந்த மண்ணை இப்படிப் பொதுவில் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருநகர் வேலையத்தவன்

ஒத்தக்கடை அண்ணே, எருப் பக்குவம் நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஜல்லி மட்டும் தப்பு. கோவிச்சுக்காதீங்க.

பாத்திரம் தேய்க்கிற பஞ்சை நல்லா நனைச்சு உள்ளங்கையில படுக்க வைங்க. சொட்டு நின்னுரும். இப்ப அதையே நட்டமா நிறுத்துங்க, அடியிலருந்து தண்ணி ஒழுகும். ஏன்னா எந்த மண்ணும் அடிப்பக்கம் கொஞ்ச ஒசரத்துக்கு ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், அந்த ஒசரம் பெட்டிக்குத் தக்கன மாறாது. நீங்க ஜல்லி போட்டா அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேல ஏறி உக்காந்துக்கும். அதாவது வேருக்கு இன்னும் கிட்ட. ஓரடிப் பெட்டிய நீங்களே பத்து அங்குலம் ஆக்கிட்டீங்க.

நானும் ஜல்லிக் கட்சிதேன் முன்னாடி. எந்தங்கச்சி வீட்டுல ரெண்டு பெட்டிக்கு நாந்தேன் ஜல்லி போட்டுக் குடுத்தேன். செடி சொணங்குதுன்னு கூப்புட்டா. கவுத்துப் பாத்தோம். அன்னைக்குப் பாத்தது கண்ணுக்குள்ளயே நிக்குது: மேல பாதி மண்ணு நல்லாருக்கு, கீழ நாலு அங்குலம் கரேல்னு, சாக்கடை வாடை. அதுக்கு அடியில ஜல்லி, கழுவித் தொடச்சு வச்ச மாதிரி சுத்தமாக் கெடக்கு. எந்தங்கச்சி ஒன்னும் சொல்லல. மூக்கப் பொத்திக்கிட்டு என்னையவே பாத்துச்சு.

ஓட்டை அடைக்காம இருக்க ஒரு துண்டு கொசுவலை போட்டாப் போதும். உங்க ரெண்டாவது தக்காளி காய்ச்சது ஜல்லியால இல்லண்ணே, அந்தத் தடவ நீங்க தண்ணி குறைச்சு ஊத்தியிருப்பீங்க.

ஒத்தக்கடைப் பக்கம்

நான் தண்ணீர் குறைக்கவில்லை. முப்பது வருடமாகச் செடி வைக்கிறேன். பஞ்சு வேறு, மண் வேறு.

வில்லாபுரம் வாடகை

ஜல்லிச் சண்டையில குறுக்க வர்றேன். எடையப் பத்தி யாருமே பேசலையே?

நாங்க குடியிருக்கிறது மாடி போர்சன், அதுக்கு மேல மொட்டைமாடி. வீட்டுக்கார அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் மூணு பெட்டி வச்சேன், எல்லாம் நடுமாடியில, வெயில் நல்லா விழுற எடம். ஐப்பசி அடைமழை. ஒரு நா காலையில படுத்துக்கிட்டே மேல பாக்குறேன், ஃபேன் கொக்கிலருந்து ஜன்னல் பக்கமா ஒரு கோடு. முடி ஒட்டியிருக்குன்னு நெனச்சேன். விளக்குமாத்த வச்சுத் தள்ளுனேன். போகல.

கொத்தனாரக் கூட்டியாந்தோம். ஸ்டூல் மேல ஏறி, என்கிட்ட ஒரு கொண்டை ஊசி கேட்டாரு. குடுத்தேன். அத நேராக்கிக் கோட்டுல சொருகுனாரு. எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தோம், நானும் வீட்டுக்கார அம்மாவும். நகக்கண் அளவு போயி நின்னுச்சு. "பூச்சு மட்டுந்தேன் விட்டிருக்கு, தப்பிச்சீக"ன்னாரு. அந்தம்மா அதுவரைக்கும் மூச்சே விடல, நானும்.

அப்புறம் எந்தம்பி கணக்கு போட்டுக் காமிச்சான், சிவில் படிச்சவன். 4க்கு 2, ஓரடி பெட்டின்னா 226 லிட்டர். வெறும் மண்ணு ரொப்பி மழையில நனைஞ்சா 400 கிலோ கிட்ட. ஆளுக நடமாடுற மொட்டைமாடிக்கு டிசைன் பண்றப்ப சதுர மீட்டருக்கு 150 கிலோன்னுதான் எடுப்பாங்களாம். ஒரு பெட்டி நிக்கிற எடம் முக்கால் சதுர மீட்டர்கூட இல்ல. நான் வச்சிருந்தது மூணு, வரிசையா, தளத்தோட நட்டநடுவுல!

இப்ப பீம் ஓடுற ஓரமா, சுவத்துக்கு மேல வர்ற மாதிரி ஒதுக்கி வச்சிருக்கேன். மண்ணைக் குறைச்சு நார்க்கழிவும் மண்புழு உரமும் கூட்டிட்டேன். ஒரு பெட்டிய ஊருக்கு அனுப்பிட்டேன். பழங்காநத்தம் அக்கா, அந்தக் கிரசர் பொடி மண்ணவிட கனம். நீங்க பெட்டி எங்க வச்சிருக்கீங்க?

மேலூர் தாண்டி

பெட்டி எங்க வச்சாலும் எங்க ஊர்ல மயிலு விடாது. பாசிப்பயறு தூவுனேன். காலையில பாத்தா ஆம்பள மயிலு பெட்டிக்குள்ளயே உக்காந்து மண்ணுக் குளிச்சுக்கிட்டிருக்கு, தோகைய வெளிய தொங்கவிட்டு. வெரட்டுனேன், திரும்பிப் பாத்துச்சு, எந்திரிக்கல. போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். அம்புட்டுத்தேன் என் வெவசாயம்.

அவனியாபுரம் மருமக

என்னோடது மல்லி.

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பதியன்னு சொல்லித்தான் வாங்கினேன், மதுரைப்பக்கம் மல்லி போடுறவங்க எல்லாம் அங்கிருந்துதானே கொண்டுவர்றாங்க. ரெண்டு வருசம். எலை எலையா, பச்சைப் பசேல்னு பெட்டிய மறைச்சு வளந்துச்சு. பூ மட்டும் விரல்விட்டு எண்ணுறாப்புல. 2013ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாக, அதுல ஒரு பூ எங்க வீட்டுக்கு வரக் கூடாதான்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. நான் இன்னும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு கரைச்சு ஊத்துவேன். இன்னும் கொஞ்சம் எலை வரும்.

நவம்பர் கடைசி. பல்லு வலின்னு ஆஸ்பத்திரி போயிட்டு வர்றேன். மாடியில வெட்டுற சத்தம். எங்க அத்தை சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அருவாளோட நிக்கிறாங்க. எம்மல்லி முழங்கா ஒசரத்துக்குக் குச்சி குச்சியா நிக்குது. வெட்டுன கொப்பெல்லாம் தளத்துல கெடக்கு, அதுல ரெண்டு மொக்கு வேற. எனக்கு வாயி மரத்திருக்கு, பேச்சு வரல, கண்ணுல தண்ணி மட்டும் ஊத்துது. அத்தை திரும்பிப் பாத்துட்டு, "பல்லு அம்புட்டு வலியா?"ன்னாங்க.

அஞ்சு நாள் நான் பேசல. மாசியில அந்தக் குச்சியெல்லாம் தளிர் விட்டு, கொத்துக் கொத்தா மொக்கு. முத மொக்கு ஒரு உழக்கு இருக்கும், நானே கட்டி அத்தை தலையில வச்சேன். அவங்க, "புண்ணாக்க நிறுத்துனியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

கவாத்து நவம்பர் கடைசி வாரம், மண்ணுலருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டணும். இப்ப நாந்தேன் வெட்டுறேன். அத்தை கீழ உக்காந்துக்கிட்டு, இன்னும் எறக்கி வெட்டும்பாங்க.

செல்லூர் தறிவீடு

ஒன்றரை அடின்னா எங்க வீட்டுச் செடியே அம்புட்டுத்தேன் இருக்கு மதினி.

ஜெய்ஹிந்துபுரம் பழைய ஆளு

முதப் பதிவு போட்ட அம்மாவுக்கு. அந்தப் பெரியவர் வெள்ளைத் தாடி, சைக்கிள் பாருல பச்சைத் துணி சுத்தி வச்சிருப்பாரா? எங்கிட்டயும் ஒரு தடவ இதே கூத்துதேன். துளசி கேட்டேன். வாசலுக்கு வந்து தொட்டியப் பாத்தாரு, அடியில ஓட்டையே இல்ல. சைக்கிள்லருந்து ஆணியும் சுத்தியலும் எடுத்து அவரே ரெண்டு ஓட்டை போட்டாரு. மூணாவது அடியில தொட்டி ரெண்டாப் பொளந்துருச்சு. ஒரு நிமிசம் ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு நின்னோம். அப்புறம் துளசிய ஓசியாக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

இப்ப முழங்கால் முடியல அவருக்கு. தெருத்தெருவா வர்றதில்ல. செவ்வாய்க்கிழமை மட்டும் எங்க பக்கம் கோயில் முக்குல சைக்கிள நிறுத்திப் போட்டு உக்காந்திருப்பாரு.

பழங்காநத்தம் மொட்டைமாடி

பச்சைத் துணிதேன். அவரேதான்.

வில்லாபுரம் தங்கச்சி, அன்னைக்கே பெட்டியக் காலி பண்ணிட்டேன்மா. எட்டுச் சாக்கு, நானும் எம்மகனும் பைய எறக்குனோம், ரெண்டு நாளு இடுப்பு நிமுரல. இப்ப செம்மண்ணு, எரு, கழுவுன நாரு. ஜல்லி போடல, ஒத்தக்கடை சார் மன்னிக்கணும். எங்க வீட்டுக்காரரும் இதெல்லாம் படிச்சாரு, நீங்க அவரு பக்கம் பேசுனதுல அவருக்கு ரொம்பச் சந்தோசம். மல்லி வைக்க மட்டும் ஒரு மூலைய இன்னும் சும்மாவே விட்டு வச்சிருக்கேன்.

ஜெய்ஹிந்துபுரம் அண்ணே, செவ்வாய்க்கிழமை எத்தன மணி வரைக்கும் இருப்பாரு? ஒரு பிடி மண்ணையும் பையில எடுத்துட்டு வரலாம்னு பாக்குறேன், மண்ணப் பாக்காம நாத்து குடுக்கமாட்டாருல்ல.