வணிக வழக்குப் பக்கம் போகலாமா?

கேள்வி: சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூனியராக இரண்டு வருடம், வாய்தா வாங்கியதுதான் அதிகம். கோடிக்கணக்கில் மோதும் கம்பெனி வழக்குகளை நடத்த ஆசை. குறுக்கு விசாரணை எப்போது கைக்கு வரும்?

பதில் 1: தம்பி, முதலில் வழக்குக் கட்டைப் படி. 2015 வணிக நீதிமன்றச் சட்டப்படி சம்மன் வந்த 120 நாளுக்குள் எதிர்வழக்குரை (பிரதிவாதியின் எழுத்துப் பதில்) தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போச்சு, நீதிபதி நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. அந்தத் தேதியைக் கணக்கு வைப்பது ஜூனியர்தான்.

பதில் 2: சினிமா மாதிரி இருக்காது. கணக்காளரைக் கூண்டில் ஏற்றி, லெட்ஜரில் ஒரு வரி, இன்வாய்ஸ் தேதி, அன்றைய மின்னஞ்சல் என்று அரை நாள் ஓடும், அப்புறம் அவர் "ஞாபகமில்லை" என்பார், அங்கேதான் பிடி. எனக்கு முதல் வாய்ப்பே சீனியருக்குக் காய்ச்சல் வந்த அன்றுதான்.

பதில் 3: ஆர்பிட்ரேஷனையும் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் தீர்ப்பது) கற்றுக்கொள், பெரிய ஒப்பந்தத் தகராறுகள் நிறைய அங்கேதான் போகின்றன.