12 வருடம் நின்ற மொறிஸ் மைனர்: முதல் ஓட்டமே ஆனையிறவுக்கா?

கொக்குவிலான்:
அப்பாவின் மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. 12 வருடம் கொட்டிலுக்குள் நின்றது. எஞ்சின் வேலை முடிந்து, வயறிங்கும் புதிதாகப் போட்டாயிற்று. அடுத்த மாதம் தங்கச்சி கலியாணத்துக்கு இந்தக் காரில்தான் போகவேண்டும் என்று அம்மா நிற்கிறார். கராஜ் பாஸ், "ஒரே மூச்சில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு போய்த் திரும்பு, பிழையெல்லாம் தானாக வெளியே வரும்" என்கிறார். போகலாமா?

ஏ9_ஓட்டி:
போ தம்பி. பாஸ் சொன்னது சரி. ஊருக்குள் நாலு ஒழுங்கை சுற்றினால் எஞ்சின் சூடே ஏறாது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் சின்னப் பாகமான கண்டென்சர், பழுதாக இருந்தாலும் குளிரில் ஒழுங்காக வேலை செய்யும். நன்றாகச் சூடேறிய பிறகுதான் மிஸ்ஸிங் காட்டும், எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும். நண்பகல் வெயிலில் கண்டி வீதியில் ஒரு மணி நேரம் ஓட்டு. நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கிளப்பிப் பார். பெற்றோல் தடை இருந்த 90களில் எங்கள் ஒஸ்ரின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலைத் துளியாக விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்போது யார் ரெஸ்ற் பண்ணினது?

வடமராட்சியான்:
அண்ணை, அந்தக் கார்கள் நாளும் ஓடியவை. ஒவ்வொரு சத்தமும் உங்களுக்குப் பழக்கம். இது 12 வருடம் நின்ற கார். மைனரில் நாலு சில்லுக்கும் பிறேக் எண்ணெய்ச் சுற்று ஒன்றேதான். எங்காவது எண்ணெய் கசிந்து போய்விட்டால் நாலு சில்லிலும் பிறேக் இல்லை. அந்த எண்ணெயை அழுத்தும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே மறைந்து கிடக்கிறது, கசிவு கண்ணில் படாது. ஆனையிறவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கே போய்த்தான் இதை அறிய வேண்டுமா?

தம்பி, முதலில் விடியற்காலையில் 5 கிலோமீற்றர். வீட்டுக்கு வந்ததும் நாலு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைப் பிடித்துப் பார். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சில்லில் பிறேக் விடாமல் உரசுகிறது. அடுத்த நாள் பண்ணைப் பாலம்: வெட்டவெளிக் காற்றில் ஸ்ரேரிங் இழுக்கிறதா என்று தெரியும்.

ஏ9_ஓட்டி:
பிறேக் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது, எஞ்சினுக்குச் சுமை எப்படிக் கொடுப்பது? நாலு பேரை ஏற்றி, 4ஆம் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை முழுக்க மிதி. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. இதற்கு நீண்ட நேர் றோட்டு வேண்டும்தானே?

மானிப்பாய்_வயர்மன்:
இரண்டு பேரும் மின்சாரத்தை மறந்துவிட்டீர்கள். மைனரில் பியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. அங்கே வயர் உரசினால் எரிவது முழு வயறிங்கும். அதனால் ஓட்டத்துக்கு முன்பு, இரவில், வீட்டு முற்றத்திலேயே எல்லா லைற்றையும் போட்டு அரை மணி நேரம் விட்டு, வயர்களைத் தொட்டுப் பாருங்கள்.

ஒருமுறை நண்பர் ஒருவரின் காரில் பிறேக்கை மிதித்தால் பின்பக்க லைற் எல்லாம் மங்கியது. எர்த் வயரின் ஆணிக்குக் கீழே யாரோ பெயின்ற் அடித்திருந்தார்கள். சுரண்டி முறுக்கியதும் சரி. ஐடிலில் டாஷ்போர்ட்டில் உள்ள சார்ஜ் சிவப்பு லைற் மினுங்குவது பிழையல்ல, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ அப்படித்தான். ரேஸ் கொடுத்தும் அணையாவிட்டால்தான் பிழை. இன்னொன்று: இந்தக் காரில் பொடியோடு சேர்வது பற்றரியின் பிளஸ் பக்கம். மாற்றிப் பூட்டிவிடாதே.

கொக்குவிலான்:
இன்று காலை 5 கிலோமீற்றர் ஓடினேன். முன் இடது சில்லில் கை வைக்க முடியவில்லை, மற்ற மூன்றும் வெதுவெதுப்பு. நாளை கழற்றுகிறோம். ஏ9 அண்ணை, அது சரியான பிறகு சாவகச்சேரி வரை நீங்களும் பக்கத்தில் இருந்து வாருங்கள்.

ஏ9_ஓட்டி:
வாறேன் தம்பி. கண்டென்சர் ஒன்றும் கையோடு கொண்டுவாறேன்.