"நான் பார்க்கவே இல்லைங்க": கவனமில்லாமல் ஓட்டியவர்களால் அடிபட்டவர்களின் அனுபவங்கள்

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பைக்கில் நேராகப் போய்க்கொண்டிருந்தான். எதிரே வந்த கார், இண்டிகேட்டர்கூடப் போடாமல் அவனுக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. ஓட்டியவர் போனும் கையுமாக இறங்கி வந்து, "நான் பார்க்கவே இல்லைங்க" என்றாராம்.

ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் "நல்லவேளை, தப்பிச்சான்" என்றார்கள். ஆனால் வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கியது. கிள்ளினால்கூட அவனுக்குத் தெரியவில்லை.

எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தோள் தரையில் மோதும்போது, தலை மறுபக்கம் சாய்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் நரம்புகள் இழுபடுகின்றன. இந்த நரம்புப் பின்னலுக்குப் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். கழுத்துப் பகுதியிலிருந்து வரும் 5 நரம்பு வேர்கள் சேர்ந்துதான் கை முழுவதையும் இயக்குகின்றன. இவனுக்குச் சில வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அறுந்த நரம்பைத் தைப்பதுபோல் இதைத் தைக்க முடியாது என்றார் மருத்துவர்.

அதனால் விலா எலும்புகளுக்கு இடையே, மூச்சுக்கு உதவும் நரம்புகளில் சிலவற்றை எடுத்து முழங்கையை மடக்கும் தசைக்கு இணைத்தார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதேசமயம் நரம்பே இல்லாத தசை ஒன்றரை வருடத்துக்குள் வீணாகிவிடும். அதனால்தான் இந்த அறுவை சிகிச்சையை 6 மாதத்துக்குள் செய்துவிடப் பார்க்கிறார்கள். எலும்பு உடையவில்லை என்று சும்மா இருந்துவிடுபவர்களுக்கு அந்த அவகாசமும் போய்விடுகிறது.

இப்போது கையை மடக்க வேண்டுமென்றால் அவன் மூச்சை நன்றாக இழுக்க வேண்டும். இருமினால் முழங்கை தானாக மடங்கும். வீட்டில் சிரித்துக்கொள்வோம், வேறென்ன செய்வது. இரவில் அந்த மரத்துப்போன கையிலேயே நெருப்பு வைத்ததுபோல் எரிகிறது என்கிறான். சாதாரண வலி மாத்திரை எதுவும் கேட்பதில்லை. இழப்பீடு பேச வந்த ஒருவர் "கை இருக்கே சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

—

நான் பிசியோதெரபிஸ்ட். மேலே எழுதியவர் சொன்னது அப்படியே உண்மை. இந்த மாதிரிக் கையோடு வருபவர்களில் பைக் ஓட்டுபவர்கள்தான் அதிகம். நரம்பு வளர்ந்து வரும்வரை விரல், மணிக்கட்டு, தோள் மூட்டுகளை வேறு ஒருவர் தினமும் அசைத்துவிட வேண்டும். விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு நரம்பு வந்தும் பயனில்லை. தோளைத் தாங்கும் பட்டையையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். கையின் கனமே மூட்டைக் கீழே இழுத்துவிடும்.

"ஒரு செகண்டுதான் போனைப் பார்த்தேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்டில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். பிரேக்கில் கால் வைக்கும் முன்பே இவ்வளவு தூரம்.

இன்னொன்று. பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி பெரும்பாலும் அப்போதே தெரியாது, மறுநாள்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் சாலையிலேயே நின்றுகொண்டு "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தலையில் அடி என்றால் இன்னும் ஜாக்கிரதை. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு மெதுவாக உள்ளே ரத்தம் கசியலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

—

எனக்கு வேகமெல்லாம் இல்லை, சைக்கிள்தான். நின்றிருந்த காரின் கதவை ஒருவர் திடீரென்று திறந்தார், நான் கதவின் மேலேயே விழுந்தேன். காலர் எலும்பு முறிந்தது. "கதவைத்தானே திறந்தேன்" என்று அவர் என்னிடமே வாதாடினார்! கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல், மறு கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார். நெதர்லாந்தில் இப்படித்தான் பழக்குகிறார்கள் என்பார்கள். காசு செலவில்லாத வேலை, ஆனாலும் செய்ய மாட்டார்கள்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: தம்பிக்கு அந்த எரிச்சலுக்கு நரம்பு வலிக்கென்றே உள்ள மாத்திரை கொடுக்கிறார்களா? என் உறவினர் ஒருவருக்கும் இதே நிலைமை. அவருக்குப் பகலில் பரவாயில்லை, ராத்திரிதான் தாங்க முடியவில்லை.

—

கொடுக்கிறார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. வலி சிகிச்சைக்கென்று இருக்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். எங்களை அங்கே அனுப்பியதே ரொம்பத் தாமதமாகத்தான்.